முந்தின நாள் வளைகாப்பு

ஆமத்தூர்,
ஆவணி கடைசி வெள்ளி.

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா பொன்னுத்தங்கம் அவர்களுக்கு, ஆமத்தூர் வெள்ளைத்தாய் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே யோகேஸ்வரி நன்றாக இருக்கிறாள். வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்கிறது, நேரம் காலம் பார்க்காமல் உதைக்கிறதாம். திருப்பூரில் நீங்களும் சம்பந்தி அண்ணாச்சியும் சுகமாக இருக்க எங்கள் மாரியம்மன் துணை இருக்கட்டும்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, இவள் எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் நன்றி என்று வாயைத் திறந்தாலே, 'அது கிடக்கட்டும் மதினி, பிள்ள சாப்பிட்டாளா' என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். நானும் பல தடவை ஆரம்பித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அது கீரைக்கூட்டில் போய் முடிகிறது. காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. மாப்பிள்ளை முத்துக்கிருஷ்ணன் இப்போது இங்கேதான் இருக்கிறார். அவர் ஊருக்குத் திரும்பும்போது கையில் கொடுத்துவிட்டால் தபால் செலவும் இல்லை. தாளைத் திருப்பினால் பின்பக்கம் பாதி மயிலும் ஒரு பிப்ரவரி மாதமும் இருக்கும், சிரிக்காதீர்கள். எங்கள் பிரஸ்ஸில் கழித்த தாள். நான் கடையில் தாள் வாங்கிப் பல வருஷம் ஆகிறது.

முதலில் அந்தத் தேதிக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வெட்கத்தில் உங்களிடம் பாதிதான் சொன்னேன்.

சிவகாசியில் ஆடிப்பதினெட்டு அன்று அடுத்த வருஷக் காலண்டருக்குப் பூஜை போடுவார்கள். மற்ற ஊரெல்லாம் ஆவணிக்குள் காலை வைக்கும்போது நாங்கள் அடுத்த வருஷத்துச் சித்திரையில் நிற்போம். நான் அங்கே காலண்டர் தலையில் தகரம் அடிக்கிற வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். பூஜை முடிந்து கிளம்பும்போது, கலர் விலகிப்போன மாதக் காலண்டர் ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். அம்மனுக்கு இரண்டு மூக்குத்தி மாதிரித் தெரியும், மற்றபடி ஒரு குறையும் இல்லை. வீட்டில் இருந்த காலண்டரைக் கரையான் தின்றிருந்ததால் அதே ஆணியில் இதை மாட்டினேன். யோகேஸ்வரிக்கு வளைகாப்பு நாள் பார்க்க வேண்டி வந்தபோது அதைத்தான் புரட்டினேன். இருபத்திரண்டாம் தேதி, ஞாயிறு, சுபமுகூர்த்தம் என்று போட்டிருந்தது. போட்டிருந்தது என்னவோ உண்மைதான். அடுத்த வருஷத்துக்கு.

உங்களிடம் தேதியைச் சொன்னேன். பையன் லீவு கேட்கத் தேதி போதும் என்றீர்கள். ஊராரிடமும் என் நாத்தனார் அழகுமீனாவிடமும் ஞாயிற்றுக்கிழமை என்று கிழமையைச் சொன்னேன். இந்த வருஷம் இருபத்திரண்டு சனிக்கிழமை. ஆவணியிலேயே அடுத்த வருஷம் ஆணியில் தொங்குகிற வீட்டில்தான் இந்தத் தப்பு நடக்கும். கிளம்பும்போது நீங்கள் போன் போட்டுப் போட்டுப் பார்த்தீர்களாம். என் போனுக்குக் கட்டின பணம் முடிந்து, அழைப்பு வருவதும் நின்றிருந்தது. சனிக்கிழமை வாரச் சம்பளம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம், அதற்குள் குடியா முழுகிவிடும் என்று விட்டிருந்தேன். முழுகத்தான் பார்த்தது.

இன்னொன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனி மாதம் நீங்கள் போனில், 'பிரசவத்தைத் திருப்பூர்லயே பாத்துக்கிடுவோமே மதினி, அங்கன வெயிலும் தண்ணிக் கஷ்டமும்' என்றீர்கள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வரவில்லை என்றால், அந்த வீட்டில் கஞ்சிக்கு வழியில்லை என்றுதான் ஊர் பேசும். ஊர் பேசிவிட்டுப் போகட்டும். எனக்கு இருப்பது இவள் ஒருத்தி. இவளுக்கு நான் வெந்நீர் ஊற்ற வேண்டும், இவள் பிள்ளையை நான் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். அந்த ஆசைக்கும் வசதி பார்ப்பார்களா என்று அன்றைக்கு முழுதும் பொருமிக்கொண்டிருந்தேன். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது வேறு நீங்கள் மேலே பார்த்து, 'வீட்டுல ஒரு ஃபேன்தானா' என்று கேட்டிருந்தீர்கள். அதையும் இதையும் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். எதிர்வீட்டு ஃபேன், பக்கத்து வீட்டு மிக்ஸி, வாடகை நாற்காலி, நாலு நல்ல போர்வை, எல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்குவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு நான் வசதிக்காரி. நீங்கள் வந்து பார்த்து, இங்கே ஒரு குறையும் இல்லை என்று யோகேஸ்வரியை விட்டுவிட்டுப் போவீர்கள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வளர்ந்தவள், இரவல் வாங்குவதில் மட்டும் அளவு பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வேன் சத்தம் கேட்டபோது நான் முக்காலி மேல் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். சேலைக்கு மேலே யோகேஸ்வரி அப்பாவின் பழைய சட்டை. எங்கள் தெருவுக்குக் காலையில் பட்டாசுக் கம்பெனி வேன்தான் வரும். ஆள் ஏற்ற வந்திருக்கிறது என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ 'அம்மா' என்றார்கள். திரும்பினால் வாசலில் பட்டுச்சேலையோடு நீங்கள், பின்னால் தட்டுத் தட்டாகப் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டார், நடுவில் இடுப்பில் கைவைத்தபடி என் மகள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாங்க என்று சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. யோகேஸ்வரிதான் 'என்னம்மா, இன்னைக்குத்தானே இருபத்திரெண்டு' என்றாள். நான் இறங்கிப் போய் ஆணியில் இருந்ததைப் பார்த்தேன். வருஷம் மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த எழுத்துக்கு மேலேதான் ஆடியிலிருந்து தகரம் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

வீடு கிடந்த கிடையை நீங்களே பார்த்தீர்கள். பாத்திரமெல்லாம் முற்றத்தில் குவிந்து கிடந்தது. அலமாரித் தட்டு பூராவும் கழிவுத் தாள் விரிப்பு. பிள்ளை வந்த பிறகு அவசரத்துக்கு வேண்டும் என்று சிலிண்டரை மூடி வைத்துவிட்டு, நான் பின்னால் கருவேல விறகில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி இல்லை. சரி, எல்லாம் முடிந்தது, இவர்கள் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு மகளை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுவார்கள் என்று நின்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். ஏளனச் சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன், அதற்கு என்னை மன்னிக்க வேண்டும். 'நல்லதாப் போச்சு மதினி, நாளைக்கு வந்திருந்தா ஆக்கி வச்சதத் தின்னுட்டுல்ல போயிருப்போம். இன்னைக்கு நாமளே ஆக்கலாம். அரிசி எங்கன இருக்கு?' என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தீர்கள். பட்டை மாற்றிக்கொண்டு, கொடியில் கிடந்த, யோகேஸ்வரி அப்பாவுடைய இன்னொரு சட்டையை எடுத்து நீங்களும் மாட்டிக்கொண்டீர்கள். அந்தச் சட்டையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. கேட்டிருந்தால் உங்களுக்கும் கொடுத்திருக்க மாட்டேன். நீங்கள் கேட்காமல் எடுத்தது நல்லதாயிற்று.

அந்த மூலைப் பானையைத் திறந்து, 'ரேஷன் அரிசி திங்கிற வீட்டுல இம்புட்டு நல்ல அரிசி ஏது' என்று கேட்டீர்கள். மறைக்க இனி என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பங்குனியில் யோகேஸ்வரி நாள் தள்ளிப்போன செய்தி சொன்னதிலிருந்து, உலை வைக்கும்போதெல்லாம் கடை அரிசியில் ஒரு பிடி அந்தப் பானைக்குப் போய்விடும். அந்தக் குறைக்கு எனக்கு ரேஷன் அரிசி. வளைகாப்புச் சோறு கடன் இல்லாத சோறாக இருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. நீங்கள் பானைக்குள் கையை விட்டு அரிசியை அளைந்தீர்கள். அப்புறம் மறுநாள் பந்திக்குப் பாதியை விட்டுவிட்டு, பாதி அரிசியை எடுத்துக் கழுவினீர்கள்.

தேங்காயும் எலுமிச்சையும் சாயங்காலம்தான் வாங்குவதாக இருந்தேன். வீட்டில் இருந்தது வருஷத்துக்கு வாங்கிப்போட்ட புளி, கொஞ்சம் எள், கருப்பட்டி, கொல்லையில் கருவேப்பிலை, முருங்கை. 'ஏழு சோறு ஆக்கணும்னு எந்த மகராசி சொன்னா, அஞ்சு போதும்' என்று நீங்களே தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். முருங்கைக்கீரையைச் சோற்றில் கிளறி அதையும் வளைகாப்புச் சாதம் என்று கணக்கில் சேர்த்த ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். சம்பந்தி அண்ணாச்சி அதைத்தான் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உங்கள் பழைய கதையும் சொன்னீர்கள். திருப்பூரில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது பனியன் வெட்டுத்துணியை அடைத்துத்தான் தலையணை, பிள்ளைகளுக்கு மெத்தை, மழைக்குக் கதவிடுக்கில் அடைப்பு, எல்லாமே என்றீர்கள். நான் அலமாரியில் தாள் விரித்தவள், நீங்கள் துணி அடைத்தவள். இது தெரியாமல் உங்களுக்கு முன்னால் வசதிக்காரி வேஷம் போடப் பார்த்தேனே என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் மாப்பிள்ளை வேனிலிருந்து ஒரு டேபிள் ஃபேனை இறக்கினார். அன்றைக்கு ஒரு ஃபேன்தானா என்று நீங்கள் கேட்டதன் அர்த்தம் அது. நான் அதை எத்தனை நாள் மனசில் வைத்துப் புழுங்கினேன் தெரியுமா? எதிர்வீட்டுக்காரியிடம் உன் ஃபேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இவ்வளவும் எழுதியது இதற்கு அடுத்ததைச் சொல்லத்தான். இனிமேல்தான் போனில் நீங்கள் சொல்லவிடாத விஷயம்.

யோகேஸ்வரி அப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர் வெடி விபத்தில் திரும்பி வராமல் போனாரே, அதிலிருந்து நான் எந்த விசேஷத்திலும் முன்னால் நின்றதில்லை. யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. முகம் சுளிக்க ஒரு ஆள் இருக்கும்போது, அதற்கு முன்னால் நாமே நகர்ந்துகொள்வது மரியாதை என்று அடுப்படியில் ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொள்வேன். யோகேஸ்வரி கழுத்தில் தாலி ஏறினபோது நான் மண்டபத்தின் பின்னால் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்றேன். கெட்டிமேளம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வளைகாப்புக்கும் அப்படித்தான் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை அழகுமீனா முன்னால் இருந்து முதல் வளையல் போடுவாள், நான் பந்திக்கு இலை போடுவேன்.

அன்று சோறெல்லாம் ஆக்கி முடித்து, யோகேஸ்வரியை மணையில் உட்காரவைத்தோம். விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் நான் வாங்கிவைத்த பச்சை வளையலையும் சிவப்பு வளையலையும் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தேன். வைத்துவிட்டுப் பழக்கப்படி அடுப்படிக்குத் திரும்பினேன். நீங்கள், 'எங்க போறீக? வந்து போடுங்க' என்றீர்கள். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, 'மொத வளையல் பெத்தவ போடட்டும்' என்று இன்னொரு தடவை சொன்னீர்கள். நான் போடக் கூடாதும்மா என்றேன். யார் சொன்னது என்றீர்கள். என் நாத்தனார் கேட்டால் என்ன சொல்வாள் என்றேன்.

'அவுக நாளைக்குத்தானே வருவாக' என்றீர்கள்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். யோகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கையெல்லாம் சுண்ணாம்பு, நகக்கண்ணில் புளி. நீங்கள் உங்கள் முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டு, 'சுண்ணாம்பு இருந்தா என்ன, இவள வளத்த கை' என்று சொல்லி வளையலை எடுத்துக் கொடுத்தீர்கள். நான் போட்டேன். பச்சை ஒன்று இந்தக் கையில், பச்சை ஒன்று அந்தக் கையில். சந்தனம் தடவினேன். நீங்கள் சொன்னபடி குங்குமமும் வைத்தேன். எனக்கு அழுகை வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். அத்தனை வருஷ அடுப்படியும் அன்றைக்கு என்னைவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

சாயங்காலம் வேன் ஏறும்போது நான் கேட்பதற்கு முன்பே, 'பிரசவம் இங்கனயே இருக்கட்டும். உங்களுக்குச் செலவு வைக்க வேண்டாமேன்னுதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன். பிடி அரிசி சேத்து வச்சவுகளுக்குப் பிள்ளயப் பாத்துக்கிடத் தெரியாதா' என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஊரிலுள்ள ஃபேனையெல்லாம் இரவல் கேட்டுத் திரிந்தேன். அது இரவல் இல்லாமலேயே கிடைத்தது. அன்றைக்கு நான் வேன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு அர்த்தம் இதுதான். தப்பாக எடுத்திருக்க மாட்டீர்கள்.

மறுநாள் கதையைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அழகுமீனா வந்து, யோகேஸ்வரி கையில் வளையலைப் பார்த்துவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். முதல் வளையல் யார் போட்டது என்றாள். யோகேஸ்வரி, 'திருப்பூர் அத்தை வீட்டுக்காரங்க நேத்தே வந்து வளைகாப்பை முடிச்சுட்டாங்க' என்றாள். பொய் இல்லை. அழகுமீனாவும் அவள் பங்குக்கு வளையல் அடுக்கிவிட்டு, பாட்டும் பாடிவிட்டு, மீதி அரிசியில் நான் மறுபடி ஆக்கின கீரைச்சோற்றை, இது யார் கைப்பக்குவம் என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். அவளும் கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த முறை அது. நான் எப்போதும்போல அடுப்படிக் கதவோரம்தான் நின்றேன். ஆனால் யோகேஸ்வரி கையை அசைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு பச்சையும் அடியில் தெரிந்தன. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இனி இங்குள்ள சேதி. நர்ஸம்மா வந்து பார்த்தார்கள், ரத்தம் போதும், எடை நல்ல எடை என்றார்கள். தினமும் முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் கொடுக்கிறேன். கீரை கொல்லையில் இருக்கிறது, கருப்பட்டி ஒன்றுதான் செலவு. வெந்நீருக்கு விறகு போதும், சிலிண்டர் அப்படியே இருக்கிறது. காலில் லேசாக வீக்கம் இருந்தது, இப்போது வடிந்துவிட்டது, மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைப்பேறு கார்த்திகையில் என்பதால், காலண்டர் சீசன் உச்சத்தில் நான் வேலையை விட வேண்டியிருக்கும் என்று ஒரு கவலை இருந்தது. டைரிக்குத் தாள் மடிக்கிற வேலையை வீட்டுக்கே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கலாம். பானையில் மறுபடியும் பிடி அரிசி போட ஆரம்பித்துவிட்டேன். இந்தத் தடவை யோகேஸ்வரியும் போடுகிறாள். அவள் பிடி சின்னப் பிடி, அதனால் இரண்டாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளை கையில் எள்ளுப்பொடி ஒரு டப்பா கொடுத்திருக்கிறேன். டப்பாவைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அது நல்ல டப்பா.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிள்ளை பிறந்ததும் பேர் வைத்துத் தொட்டிலில் போட நாள் பார்க்க வேண்டும். அந்த இரண்டு மூக்குத்திக் காலண்டரைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டேன், தை பிறந்த பிறகுதான் வெளியே எடுப்பேன். நாள் நீங்களே பாருங்கள். எந்தத் தேதி, எந்தக் கிழமை என்றாலும் எனக்குச் சம்மதம். எல்லாருக்கும் முறையாகச் சொல்லி அனுப்புவேன், அழகுமீனாவுக்கும் சொல்வேன், அவள்தான் முன்னால் இருந்து எல்லாம் செய்வாள். நீங்கள் மட்டும் அந்தத் தேதிக்கு வரக் கூடாது. முந்தின நாள் காலையிலேயே வந்துவிடுங்கள். வீடு போன தடவை பார்த்த மாதிரியேதான் இருக்கும். அவருடைய சட்டை இரண்டையும் துவைத்துக் கொடியில் போட்டிருப்பேன்.

என் பேரப்பிள்ளையும் உங்கள் பேரப்பிள்ளையும் ஒன்றுதானே. அது உங்களைப் போல் மனசும், உங்களைப் போல் வாயும் கொண்டு நூறு வயது வாழட்டும்.

முந்தின நாள் வாசலில் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிற,
வெள்ளைத்தாய்.